வெளுக்காத வட்டம்

அத்தியாயம் 4

அண்ணி வேறு யாரையாவது பாராட்டினால் எனக்குப் பசிக்கும். வயிறு எரியும்போது அதில் எதையாவது போட்டு அணைக்க வேண்டும் அல்லவா. அன்று காலை அந்த ஆய்வகத்துக்குள் காலடி வைத்ததிலிருந்து பாராட்டு மழையாகக் கொட்டியது. ஒரு சொட்டுக்கூட என் மேல் விழவில்லை.

"இவங்க மாதிரி ஒரு ஆள் நம்ம ஆபீஸ்ல இருந்தா பாதி கேஸை உக்காந்த இடத்துலயே முடிச்சிடலாம் தம்பி," என்றார் அண்ணி, எங்களிடம் கேஸ் கொண்டுவந்த கட்சிக்காரரின் மனைவியைக் காட்டி.

"இருக்கிற ஆளைக் கொஞ்ச நேரம் உக்கார விட்டாலே முடிச்சிடலாம் அண்ணி," என்றேன்.

அண்ணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த கையோடு துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்தவர் அவர். வேறு எங்கேயும் குப்பை கொட்ட முடியாத கொழுந்தனாயிற்றே என்று என்னை உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டார். பை தூக்குவது, கதவு திறப்பது, திட்டு வாங்குவது எல்லாம் என் இலாகா.

பையிலிருந்த பிரெட் பாக்கெட்டைப் பிரித்தேன். கட்சிக்காரரின் மனைவி தலையை நிமிர்த்தாமலே வாசலைக் காட்டினாள். ஆய்வகத்துக்குள் யாரும் எதையும் வாயில் வைக்கக் கூடாதாம். ஆகவே நடந்ததில் பாதியை நான் கதவு நிலையில் சாய்ந்து, அசை போட்டபடிதான் பார்த்தேன்.

விவகாரம் இதுதான். அந்தத் தொழிற்சாலையில் மக்காச்சோள மாவைச் சர்க்கரைப் பாகாக்குகிறார்கள். மாவுச்சத்து என்பது கிளை விட்ட நீளச் சங்கிலி. அதை வெட்டிச் சர்க்கரையாக்க என்சைம் என்று ஒன்றை ஊற்றுவார்கள். சாதாரண என்சைம் சங்கிலியை வெட்டிக்கொண்டே போகும், கிளை பிரிகிற முடிச்சு வந்ததும் கையை விரித்துவிடும். முடிச்சையே வெட்டுகிற என்சைமைத் தரும் ஒரு நுண்ணுயிரை, வெந்நீர் ஊற்று ஒன்றின் சேற்றிலிருந்து பிடித்திருந்தாள் இந்தப் பெண். அன்று சாயங்காலம் முதலாளி நேரில் வந்து பார்க்கப் போகிறார்.

முந்தின நாள் ஒத்திகை. அவர்களிடம் இரண்டு சாயத் தூள்கள் உண்டு. நீலத் தூளில் சாதாரண என்சைம் பட்டால் தண்ணீர் நீலமாகும். சிவப்புத் தூள் முடிச்சு வெட்டிக்கு மட்டும்தான் மசியும், வேறு எது பட்டாலும் கல்லாக உட்கார்ந்திருக்கும். அவள் தன் குப்பியிலிருந்து இரண்டிலும் ஊற்றினாள். நீலம் வந்தது. சிவப்பு வரவே இல்லை.

குப்பியில் இருந்தது சாதாரணச் சரக்கு என்று ஆகிவிட்டது. அவளோ குளிர்பெட்டியில் வைத்த குப்பியை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டாள். சிவப்பு வந்ததை முன்பு பார்த்த ஒரே சாட்சி அவள் புருஷன். புருஷன் சொல்லும் சாட்சியை யார் நம்புவார்கள்? சாயங்காலத்துக்குள் உண்மை வெளியே வராவிட்டால் அவளுக்கு மோசடிக்காரி என்ற பெயரோடு வேலை போகும். அந்தப் பெயரோடு வேறு எந்த ஆய்வகமும் அவளை வாசலில்கூட நிற்க விடாது.

அந்தப் புருஷன்தான் எங்கள் கட்சிக்காரர். அவரும் அதே ஆய்வகம், பக்கத்து மேசை. அழுது சிவந்த கண்ணோடு காலையில் எங்கள் அலுவலகக் கதவைத் தட்டியவர். ஒல்லியான ஆள். கையில் இருந்த பேனாவின் தலையை டிக் டிக்கென்று அமுக்கிக்கொண்டே இருப்பார். அவர் வாதம் எளிமையானது. சாதாரண என்சைம் இருப்பது பூட்டிய அலமாரியில். சாவி ஆய்வகத் தலைவர் இடுப்பில். ஆக, செய்தவர் தலைவர்.

"என் மனைவிக்குப் பேர் வந்துடுமேன்னு அவருக்குப் பொறாமை மேடம்," என்றார். "போன வாரம் ரெண்டு பேரும் நடைபாதையில ஏதோ குசுகுசுன்னு பேசிட்டிருந்தாங்க. என்னைப் பாத்ததும் நிறுத்திட்டாங்க. என்ன மிரட்டினாரோ, இவ வாயைத் திறக்க மாட்டேங்கிறா."

அந்தத் தலைவரை நாங்கள் பார்ப்பதற்கு முன்பே கேட்டோம். அவர் நடந்தால் இடுப்பில் சாவிகள் சலசலக்கும். அங்கே எல்லோரும் அவரைச் சாவிக்கொத்து என்றுதான் சொல்வார்கள், முதுகுக்குப் பின்னால். கண்ணாடிச் சாமான்களைக் கழுவும் அக்கா மட்டும் முகத்துக்கு நேராகவே சொல்வாள். அந்த வாரம் அலமாரியைத் திறக்கவே இல்லை என்று சாவிக்கொத்து சத்தியம் செய்தார். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அவர்தான் என்று பட்டது.

அண்ணிக்கு அப்படிப் படவில்லை. குப்பியில் இருப்பது அலமாரிச் சரக்குதான் என்று நிரூபிக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று அந்தப் பெண்ணைக் கேட்டார்.

அவள் யோசித்தாள். "கொதிக்க வெச்சுப் பாக்கலாம். இங்க மாவுத் தொட்டி எல்லாமே கொதிக்கிற சூடு. அலமாரிச் சரக்கு அதுக்குன்னே செஞ்சது, கொதிச்சாலும் சாகாது."

"வேண்டாம்மா," என்றார் கட்சிக்காரர். "இருக்கிறதே கொஞ்சம். அதையும் கொதிக்க வெச்சு வீணாக்கிட்டா முதலாளிகிட்ட எதைக் காட்டுவ?" என்று அவள் கோட்டுக் கழுத்துப் பட்டியை அக்கறையாகச் சரி செய்தார்.

இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அண்ணி அவரைத் தேநீருக்குச் சொல்லிவிட்டு வரும்படி அனுப்பினார்.

அந்தப் பெண் சாவிக்கொத்தைக் கூப்பிட்டு, அலமாரியிலிருந்து கொஞ்சம் சரக்கு வாங்கிக்கொண்டு, ஒரு தட்டை எடுத்தாள். உள்ளங்கையளவு கண்ணாடித் தட்டு. அதில் மாவுச்சத்தை ஜெல்லி போல உறைய வைத்திருந்தார்கள். சிறு குழிகள் போட்டு, ஒன்றில் கொதித்த அலமாரிச் சரக்கு, ஒன்றில் கொதித்த குப்பிச் சரக்கு, இன்னொன்றில் கொதிக்காத குப்பிச் சரக்கு என்று விட்டாள். வெதுவெதுப்பான பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்தாள். பிறகு மேலே அயோடின் ஊற்றினாள். தட்டு முழுக்கக் கருநீலமாயிற்று. என்சைம் மாவைத் தின்ற இடம் மட்டும் நீலம் ஏறாமல் வெள்ளை வட்டமாக நிற்கும் என்றாள்.

கொதித்த அலமாரிச் சரக்கு பளிச்சென்று வெள்ளை. கொதிக்காத குப்பிச் சரக்கும் வெள்ளை. கொதித்த குப்பிச் சரக்கு இருந்த குழியைச் சுற்றி ஒரே இருட்டு.

"செத்துடுச்சு," என்றாள். "அப்போ இது அலமாரியில இருந்து வரல." மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சாவிக்கொத்தின் மேல் போட்ட பழி ஒரு கொதியில் ஆவியாகிவிட்டது. அவளைக் காப்பாற்ற இருந்த ஒரே கதையும் அதோடு போயிற்று.

அண்ணி கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி, ஒரு வாய் பிரெட்டை இவ்வளவு நேரமா மெல்லுற?"

"மெல்ல மெல்ல இனிக்குது அண்ணி. இன்னிக்கு எனக்குக் கிடைச்ச ஒரே இனிப்பு இதுதான்."

இரண்டு பெண்களும் என்னையே பார்த்தார்கள். வாயில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று துடைத்துக்கொண்டேன். அந்தப் பெண் எழுந்து, குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து லேசாக ஆட்டினாள். மேலே பொடிப்பொடியாக நுரை கட்டியது. இறங்கவில்லை.

"எச்சில்," என்றாள் மெதுவாக. "இது எச்சில். யாரோ துப்பி, தண்ணி கலந்து வெச்சிருக்காங்க."

நம் எல்லோர் வாயிலும் அந்தச் சாதாரண என்சைம் ஊறுகிறதாம். பிரெட்டின் மாவுச்சத்தை வாயிலேயே சர்க்கரையாக்குவது அதுதான். சூடு தாங்காது. அலமாரியும் வேண்டாம், சாவியும் வேண்டாம். வாய் இருந்தால் போதும்.

"பாத்தியா, எவ்வளவு வேகமா பிடிச்சாங்க," என்றார் அண்ணி என்னிடம்.

மென்றது நான். பெயர் அவளுக்கு. என் காதில் புகை வந்தது. இன்னொரு பிரெட் துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டேன்.

அது யார் எச்சில் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று அண்ணி கேட்டார். ஒருவர் எச்சிலுக்கு வேகம் கூட இருக்கும், ஒருவருக்குக் குறைவாக இருக்கும், அதை வைத்து இன்னார் என்று சொல்ல முடியாது என்றாள் அவள். அதோடு இதைச் செய்த ஆள் தண்ணீர் வேறு கலந்திருக்கிறார்.

"அது உங்களுக்கு நிதானமா யோசிச்சாத் தெரியுது," என்றார் அண்ணி. "பயந்து கிடக்கிறவங்களுக்கு அந்த நிதானம் இருக்காது."

எல்லோரையும் கூப்பிட்டார். குப்பியில் இருப்பது எச்சில் என்று போட்டு உடைத்தார். தேநீர் குடித்துவிட்டு வந்து ஆளுக்கொரு கிண்ணத்தில் துப்ப வேண்டும், அவரவர் எச்சிலின் வேகத்தைக் குப்பியோடு ஒப்பிட்டு ஆளைப் பிடித்துவிடுவோம் என்றார். பொய்யை இவ்வளவு சாந்தமாகச் சொல்லக்கூடியவர் என் அண்ணனை எப்படியெல்லாம் ஏமாற்றுகிறாரோ என்று கவலைப்பட்டேன். கழுவும் அக்கா, துப்புவதற்கெல்லாமா ஆள் வைத்துக் கூப்பிடுவார்கள் என்று முணுமுணுத்தாள். சாவிக்கொத்து தோளைக் குலுக்கினார்.

இடைவேளையில் யார் பின்னாலும் போகக் கூடாது என்று அண்ணி எனக்கு உத்தரவு போட்டார். துப்பறியும் நிறுவனத்தில் இப்படி ஒரு உத்தரவா? நடைபாதைப் பெஞ்சில் உர்ரென்று உட்கார்ந்திருந்தேன். கட்சிக்காரர் தேநீர்க் கோப்பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க அண்ணி என் மனைவியைப் பாராட்டும்போதெல்லாம் உங்க முகத்தைப் பாத்தேன்," என்றார்.

நான் மறுக்கவில்லை, அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன்.

"பக்கத்துலயே நிப்போம். அதே வேலைதான் செய்வோம். வெளிச்சம் மட்டும் நம்மைத் தாண்டிப் போய் அவங்க மேல விழும்," என்றார். "அதுக்காக அவங்க மேல கோபப்படவும் முடியாது. அவங்க ஒண்ணும் பண்ணலையே."

அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. என் மனசில் இருந்ததை இவ்வளவு கச்சிதமாக என் அண்ணன்கூடச் சொன்னதில்லை. அவர் எழுந்து சாப்பாட்டு அறைப் பக்கம் போனார். திரும்பி வரும்போது வாயில் புதினா மிட்டாய். எனக்கும் ஒன்று கொடுத்தார். கிண்ணத்தில் துப்பிய பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று சட்டைப் பையில் வைத்தேன்.

எல்லோரும் துப்பினோம். அந்தப் பெண்ணே ஒரு பெரிய தட்டில் ஒவ்வொரு எச்சிலையும் ஒவ்வொரு குழியில் விட்டு, அடியில் மெழுகுப் பென்சிலால் அடையாளம் போட்டாள். அவளுடையதும் உண்டு, என்னுடையதும் உண்டு. பெட்டியில் வைத்தோம். காத்திருக்கும்போது பேனாச் சத்தம் மட்டும் கேட்டது. நான் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு என் வாசலுக்குப் போனேன்.

அயோடின் ஊற்றியதும் தட்டு கறுத்தது. பிறகு வட்டங்கள் வெளுத்து வந்தன. எல்லாவற்றிலும் பெரியது என்னுடையது. எனக்குப் பெருமையாக இருந்தது. சாப்பாட்டு ராமனுக்கு வேறு எப்படி இருக்கும் என்றார் அண்ணி. சாவிக்கொத்தின் வட்டம் வெளுத்திருந்தது. கழுவும் அக்காவின் வட்டம் வெளுத்திருந்தது. அந்தப் பெண்ணின் வட்டமும் வெளுத்திருந்தது.

ஒரே ஒரு குழியைச் சுற்றி மட்டும் கருநீலம் அசையாமல் நின்றது. அவள் தட்டைத் திருப்பி அடையாளத்தைப் பார்த்தாள். மறுபடி திருப்பினாள். ஒருமுறை பார்த்தது போதாதவள் போல இன்னொரு முறையும் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு எச்சில்ல அது கொஞ்சம் கம்மி போல," என்றார் கட்சிக்காரர். "சிலருக்கு அப்படித்தான் இருக்கும்."

"அப்படி இருக்குமா?" என்று அண்ணி அவளைத்தான் கேட்டார்.

"கம்மியா இருக்கும். சுத்தமா இல்லாம இருக்காது," என்றாள். பிறகு யாரும் சொல்லாமலே நீல லிட்மஸ் தாள் ஒன்றைக் கிழித்து அவர் கிண்ணத்தில் தொட்டாள். தாள் சிவந்தது. கிண்ணத்தை மூக்கருகே கொண்டு போனாள். "வினிகர்," என்றாள். "சாப்பாட்டு ரூம்ல இருக்கிற பாட்டில். அதுல வாயைக் கொப்பளிச்சிட்டு, வாசனை தெரியாம இருக்க மேல புதினா."

புளிப்பு பட்டால் எச்சிலின் என்சைம் செத்துவிடும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணிக்கும் அப்போதுதான் தெரிந்திருக்கும். ஆனால் எல்லாம் முன்னமே தெரிந்த மாதிரி நின்றார்.

"தப்பு செய்யாதவங்க துப்பச் சொன்னா துப்பிட்டுப் போயிடுவாங்க," என்றார். "தப்பு செஞ்சாலும் இந்த வேலை தெரியாதவங்க துப்பிட்டு, சாமியை வேண்டிக்குவாங்க. எச்சிலுக்குள்ள இருக்கிற என்சைமைக் கொல்லணும்னு தோணுறதுக்கு, அதைக் கொல்லத் தெரிஞ்சிருக்கணும். இங்க அது தெரிஞ்சவங்க மூணு பேர். ரெண்டு பேரோட வட்டம் வெளுத்திருக்கு."

பேனாச் சத்தம் நின்றது. அவர் ஏதாவது மறுத்துப் பேசுவார் என்று காத்திருந்தேன். எனக்கு அந்த ஆளைப் பிடித்திருந்தது, அதனால் அவர் மறுக்க வேண்டும் என்றுகூட விரும்பினேன்.

"என் குப்பி எங்க?" என்றாள் அவள்.

"என் மேசையில, டியூப் வைக்கிற ராக்குல. கடைசிக் குழியில."

அவள் அவர் மேசைக்குப் போனாள். குப்பியை எடுத்தாள். அதன் பக்கத்தில் இருந்த டெஸ்ட் டியூபையும் எடுத்தாள். அதில் தண்ணீர் நல்ல சிவப்பாக இருந்தது. அவள் புரியாமல் அவரைப் பார்த்தாள்.

"கீழ கொட்டத்தான் எடுத்தேன். மனசு வரல," என்றார் அவர். "ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்துதானே அந்தச் சேத்தை அள்ளினோம். அந்த நுண்ணுயிர் உன் தட்டுல வளந்துச்சு. என் தட்டுல வரவே இல்ல. ஒரு தடவையாவது என் கையால ஊத்தி அது சிவக்கிறதைப் பாக்கணும்னு இருந்துச்சு. ஊத்தினேன். சிவந்துச்சு. அப்பவும் அது உன்னோடதாத்தான் இருந்துச்சு."

பழி சாவிக்கொத்தின் மேல் விழும், அவளும் அவர் தோளில் சாய்ந்து அழுவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கூடவே நின்று போராடிய புருஷன் என்ற பெயராவது தனக்கு மிஞ்சும் என்று துப்பறிபவர்களையும் தானே அழைத்து வந்திருக்கிறார்.

இதுவரை கேட்டதற்கு மட்டும் பதில் சொன்ன சாவிக்கொத்து தொண்டையைச் செருமினார். "போன வாரம் நடைபாதையில உங்களைப் பாத்ததும் பேச்சை நிறுத்தினோமே. இன்னிக்கு முதலாளி முன்னாடி உங்க ரெண்டு பேர் பேரையும் சேத்துச் சொல்லணும்னு இவங்கதான் என்னைக் கேட்டுக்கிட்டாங்க. அதுவரைக்கும் உங்களுக்குத் தெரிய வேண்டாம்னாங்க. நீங்க சந்தோஷப்படுறதை நேர்ல பாக்கணுமாம்."

கட்சிக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். அவள் குப்பியை வெளிச்சத்தில் பிடித்து, நுரை இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நுரை இல்லை.

என் வாயில் அவர் கொடுத்த மிட்டாய் இன்னும் கரையாமல் இருந்தது. அதைத் துப்ப இடம் தேடினேன். ஆய்வகத்துக்குள் துப்பவும் முடியாது, விழுங்கவும் பிடிக்கவில்லை.

அவர்மேல் எப்போது சந்தேகம் வந்தது என்று அண்ணியைத் தனியாகக் கேட்டேன். கொதிக்க வைக்க வேண்டாம் என்று அந்த அறையில் ஒரே ஒருவர்தான் சொன்னார் என்றார். பிறகு என் தோளில் தட்டி, "நீ பிரெட்டை மென்னதாலதான் இந்தக் கேஸ் முடிஞ்சுது தம்பி," என்றார். எத்தனையோ நாளாக ஏங்கிய பாராட்டு. வந்தது. வாசலில் தலை குனிந்து நின்ற அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்டதில் அது எனக்கு ருசிக்கவில்லை. அவர் நின்றது நான் நின்ற அதே கதவு நிலையில்.

சாயங்காலம் முதலாளி வந்தார். அவள் நீலத் தூளில் ஊற்றினாள், தண்ணீர் தெளிவாகவே இருந்தது. சிவப்புத் தூளில் ஊற்றினாள். அடியில் கல்லாக உட்கார்ந்திருந்த தூளிலிருந்து சிவப்பு மெல்லக் கசிந்து ஏறியது. அவள் பழக்க தோஷத்தில் டியூபைப் பக்கத்து மேசைப் பக்கம் நீட்டினாள், பிடித்துக்கொள்ள ஆள் இருப்பது போல. அங்கே யாரும் இல்லை. தானே தாங்கியில் வைத்தாள்.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். இது யாருடைய கண்டுபிடிப்பு, யார் பெயரைப் போடுவது என்று கேட்டார். சாவிக்கொத்து அவளைப் பார்த்தார். வாசலில் நின்றவரும் நிமிர்ந்து பார்த்தார்.

அவள் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டாள்.

"ஒரு பேர் போதும் சார்," என்றாள்.